காரைக்குடித் தண்ணீருக்கு மூட்டை மூட்டையாக உப்பு எதற்கு?

புதுமனை புகுவிழாவுக்கு முன் வாங்க வேண்டியவற்றின் பட்டியலில் இன்வர்ட்டருக்கும் கேமராவுக்கும் அடுத்தபடியாக இப்போது வாட்டர் சாஃப்ட்னர் ஏறிவிட்டது. காரைக்குடியைச் சுற்றிப் புது வீடு எழுப்புகிற எவரும் இந்தப் பேச்சைத் தவிர்த்துவிட முடியாது. “போர்த் தண்ணி உப்பு, மெஷின் இல்லாம ஒண்ணும் நடக்காது” என்று பிளம்பர் சொல்வார். சென்னையிலிருந்து வரும் உறவினரும் அதையே சொல்வார். வாட்ஸ்அப்பில் வரும் காணொளி இன்னும் இரண்டு படி மேலே போய்ச் சிறுநீரகத்தையும் தலைமுடியையும் காட்டிப் பயமுறுத்தும்.

எல்லோரும் நம்புவதைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்: கடினநீர் உடம்புக்குக் கெடுதல், முடி கொட்டும், தோல் அரிக்கும், ஆகவே வீட்டுக்குள் நுழையும் தண்ணீர் முழுவதையும் மென்மையாக்க வேண்டும், அதற்கு உப்பு போட்டு ஓட்டும் சாஃப்ட்னர் ஒன்றே வழி. உப்பு மூட்டை தூக்கச் சலித்தவர்களுக்கு மட்டும் குழாயில் மாட்டும் காந்தம். இந்தச் சங்கிலியில் உறுதியான கண்ணி ஒன்றுகூட இல்லை.

கடினத்தன்மைக்குக் காரணம் கால்சியமும் மக்னீசியமும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500, 2012) லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரையிலான கடினத்தன்மையை ஏற்கத்தக்கது என்கிறது, வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. நஞ்சாக இருந்தால் மூன்று மடங்கு சலுகை எதற்கு? ஈயத்துக்கு அதே தரம் எந்தச் சலுகையும் காட்டவில்லை. உலக சுகாதார நிறுவனமோ உடல்நலக் காரணத்துக்காகக் கடினத்தன்மைக்கு எந்த வரம்பும் விதிக்கவில்லை. சுவையும், பாத்திரத்தில் படியும் படிவும்தான் அதன் கணக்கில் வருகின்றன.

லிட்டருக்கு 300 மி.கி. கடினத்தன்மை உள்ள தண்ணீரில் அத்தனையும் கால்சியமே என்று வைத்துக்கொண்டாலும், இரண்டு லிட்டர் குடிப்பவருக்குக் கிடைப்பது 240 மி.கி. கால்சியம். ஒரு தம்ளர் பாலில் இருப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். கெண்டியின் அடியில் படியும் வெள்ளைத் தூளைப் பார்த்து முகம் சுளிக்கிற பெரியவர், எலும்புத் தேய்மானத்துக்காக இரவு போட்டுக்கொள்ளும் மாத்திரையில் பெரும்பாலும் இருப்பது அதே கால்சியம் கார்பனேட்.

“அப்படியானால் கல்?” என்ற கேள்வி உடனே வரும். சிவகங்கைச் சீமையில் கல்லடைப்பு வராத குடும்பம் குறைவு, பழி முழுவதும் தண்ணீர் மீது. ஆனால் 1993-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஹார்வர்டு ஆய்வு, 45,000-க்கும் மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து கவனித்து, உணவில் கால்சியம் கூடுதலாகச் சேர்த்தவர்களுக்குக் கல் குறைவாக வந்ததைக் கண்டது. சிறுநீரகக் கற்களில் மிகுதியானவை கால்சியம் ஆக்சலேட் வகை. உணவோடு சேரும் கால்சியம் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து வெளியே அனுப்பிவிடுகிறது. பிடிக்க ஆளில்லாத ஆக்சலேட்தான் சிறுநீருக்கு வந்து சேர்கிறது. கத்திரி வெயிலில் நாள் முழுக்க அலைந்துவிட்டு இரண்டு தம்ளர் மட்டும் குடிப்பவருக்குக் கல் வந்தால், அவர் குடிக்காத தண்ணீரைத்தான் குறை சொல்ல வேண்டும். ஏற்கெனவே கல் வந்தவர் மருத்துவர் சொல்படி நடக்கட்டும். அது வேறு விஷயம்.

முடி விவகாரம் இதைவிடச் சுவையானது. 2013-ல் கோவை பி.எஸ்.ஜி. மருத்துவமனை மருத்துவர்கள், பெண்களின் முடிக்கற்றைகளில் ஒரு பகுதியைக் கடினநீரிலும் மறுபகுதியைக் காய்ச்சி வடித்த நீரிலும் நனைத்து எடுத்து, இழுவலிமையையும் நெகிழ்வையும் ஒப்பிட்டார்கள். குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பிறகு பாகிஸ்தானில் நடந்த ஓர் ஆய்வு, கடினநீரில் முடியின் வலிமை குறைவதாகச் சொன்னது. ஆகவே வழக்கு முடிந்துவிடவில்லை. ஆனால் முடி அறுவது வேறு, வேரோடு கொட்டுவது வேறு. கொட்டுவதற்கு ரத்தசோகை, தைராய்டு, பரம்பரை, காய்ச்சல், பிரசவம் என்று காரணங்கள் வரிசையில் நிற்கின்றன. அவற்றை யாரும் பரிசோதிப்பதில்லை, குழாயைத்தான் முறைக்கிறார்கள். தோலைப் பொறுத்தவரை இங்கிலாந்தில் முறையான சோதனையே நடந்தது. கரப்பான் உள்ள 336 குழந்தைகளில் ஒரு பகுதியினரின் வீடுகளில் சாஃப்ட்னர் பொருத்திப் பார்த்தார்கள். வழக்கமான சிகிச்சையோடு சாஃப்ட்னரும் சேர்ந்ததால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை என்று 2011-ல் முடிவு வெளியிட்டார்கள்.

பயம் இவ்வளவு ஆழமாக இறங்கியதற்கு விற்பனை மேசைக்கும் பங்கு உண்டு. இரண்டு தம்ளர், ஒன்றில் வீட்டுத் தண்ணீர், மற்றொன்றில் அவர் கொண்டுவந்த தண்ணீர். இரண்டிலும் உலோகக் கம்பிகள் கொண்ட ஒரு கருவியை இறக்கி மின்சாரம் பாய்ச்சுவார். சில நிமிடங்களில் வீட்டுத் தண்ணீர் காவியும் கறுப்புமாகக் குழம்பும். “பாருங்க ஆச்சி, இதத்தான் இத்தன நாளாக் குடிச்சுக்கிட்டு இருந்தீக!” ஆச்சிக்குக் குலை நடுங்கும். அந்தச் சேறு தண்ணீரிலிருந்து வந்ததல்ல, கம்பியிலிருந்து வந்தது. கனிமம் கரைந்த நீர் மின்சாரத்தைக் கடத்தும், அதனால் இரும்புக் கம்பி கரைந்து துருவாகிறது. மற்றொரு தம்ளரில் கனிமம் இல்லை, மின்சாரம் பாயவில்லை, கம்பியும் கரையவில்லை. இந்த வித்தை வேறெங்கு நடந்தாலும் பொறுக்கலாம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிற ஊரில், சிக்ரி என்று அதன் சுருக்கப்பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரருக்கும் வழி தெரிகிற ஊரில், மின்வேதியியலின் பாலபாடம் ஒன்றைக் காட்டி ஏமாற்ற முடிகிறது.

டி.டி.எஸ். மீட்டரும் இதே குடும்பம்தான். அது கரைந்திருக்கும் எல்லாவற்றின் கூட்டுத்தொகையைச் சொல்லும். அதில் கடினத்தன்மை எவ்வளவு, சோடியம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. சாஃப்ட்னர் வைத்த பிறகும் மீட்டர் எண் இறங்காமல் அப்படியே நிற்பதைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். இறங்காது. சாஃப்ட்னர் எதையும் நீக்குவதில்லை, மாற்றிக்கொள்கிறது: கால்சியத்தை ரெசினில் பிடித்துவைத்துக்கொண்டு, ஈடாகச் சோடியத்தை நீரில் விடுகிறது. லிட்டருக்கு 100 மி.கி. கடினத்தன்மை போனால் 46 மி.கி. சோடியம் வரும். 500 கடினத்தன்மை உள்ள போர்த் தண்ணீர் சாஃப்ட்னரைத் தாண்டும்போது லிட்டருக்கு 230 மி.கி. சோடியத்தைப் புதிதாக ஏற்றிக்கொண்டு வருகிறது. சோடியம் 200-ஐத் தாண்டினால் நாக்குக்குத் தெரியத் தொடங்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. “உப்புத் தண்ணி” என்று புலம்பியவர் காசு கொடுத்து நிஜமாகவே உப்பைக் கரைத்துக்கொள்கிறார். ரத்த அழுத்தக்காரர் இருக்கும் வீட்டில் இது வேடிக்கையல்ல. போதாக்குறைக்கு, போர்த் தண்ணீரில் நிஜமாகவே கவனிக்க வேண்டிய ஃபுளோரைடையும் நைட்ரேட்டையும் இந்த ரெசின் தொடுவதே இல்லை.

உப்பு எவ்வளவு போகிறது? நால்வர் குடும்பம், ஆளுக்கு 135 லிட்டர், நாளைக்கு 540 லிட்டர். 500 கடினத்தன்மை என்றால் நாளொன்றுக்கு 270 கிராம் கடினப்பொருள் ரெசினில் ஏறும். அதைக் கழுவி எடுக்கக் கோட்பாட்டளவில் 316 கிராம் உப்பு வேண்டும். நடைமுறையில் அதைப் போல இரண்டு மடங்கு. மாதம் சுமார் 20 கிலோ, வருடம் 240 கிலோ. நாற்பது வீடுகள் உள்ள ஒரு தெரு இதே வழியில் போனால் ஆண்டுக்கு ஒன்பதரை டன் உப்பு. எல்லாம் சாக்கடைக்கோ உறிஞ்சுகுழிக்கோ போய், கடைசியில் எந்த நிலத்தடி நீரிலிருந்து தண்ணீர் எடுக்கிறோமோ அதிலேயே இறங்குகிறது. குளோரைடை மண் பிடித்துவைக்காது. இன்று உப்பு போடுகிற வீட்டின் போர் பத்து வருடத்தில் நிஜமாகவே உப்புக் கரித்தால், அப்போதும் யாராவது ஒரு மெஷின் விற்க வருவார்.

கொல்லைப்புறமும் தப்பாது. குளித்த தண்ணீர் வாழைக்கும் தென்னைக்கும் கறிவேப்பிலைக்கும் பாய்வது செட்டிநாட்டு வீடுகளின் பழைய பழக்கம். கால்சியம் உள்ள தண்ணீர் மண்ணைக் கெடுப்பதில்லை, சோடியம் கெடுக்கும். களிமண் துகள்களைப் பிரித்து, மண்ணை இறுகச் செய்து, தண்ணீர் இறங்காமல் அடைத்துவிடும். களர்நிலத்துக்கு விவசாயி ஜிப்சம் போடுவது எதற்கு? சோடியத்தை விரட்டக் கால்சியத்தைக் கொடுப்பதற்கு. சாஃப்ட்னர் அதே வேலையைத் தலைகீழாகச் செய்கிறது.

இதெல்லாம் மிகைப்படுத்தல் என்று நினைப்பவர்கள் அமெரிக்காவின் சான்டா கிளாரிட்டா பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். லாஸ் ஏஞ்சலிஸுக்கு வடக்கே உள்ள ஊர். வீட்டுச் சாஃப்ட்னர்களின் உப்பு கழிவுநீர் வழியே சான்டா கிளாரா ஆற்றில் கலந்து, கீழே ஸ்ட்ராபெரியும் அவகாடோவும் விளையும் வயல்களுக்கு ஆபத்தானது. கழிவுநீர் நிலையங்களால் குளோரைடை எளிதில் எடுக்க முடியவில்லை. 2003-ல் புதிதாகப் பொருத்துவதைத் தடுத்தார்கள். 2008-ல் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தி, ஏற்கெனவே வைத்திருந்தவற்றையும் 2009 முதல் கழற்றச் சொன்னார்கள். சாஃப்ட்னரை வீட்டுக்கு வீடு பரப்பிய நாடு அது. பொட்டாசியம் குளோரைடு போட்டால் சோடியம் போய்விடும் என்பார்கள். விலையும் கூடுதல், குளோரைடு அப்படியே இருக்கும், சிறுநீரக நோயாளிக்குப் பொட்டாசியம் ஆகாது.

சரி, உப்பில்லாத கருவிகள்? இங்கே எதிர்த்தரப்புக்கு ஒரு வலுவான வாதம் இருக்கிறது, அதை மறைப்பதில் பயனில்லை. உப்பில்லாத கண்டிஷனர் எதுவும் தண்ணீரை மென்மையாக்குவதில்லை. அதைத் தாண்டி வந்த நீரைச் சோதித்தால் கடினத்தன்மை பழைய எண்ணையே காட்டும், சோப்பும் பழையபடியே திரியும். “உப்பில்லாத சாஃப்ட்னர்” என்ற பெயரில் இவற்றை விற்பவர்கள் பொய் சொல்கிறார்கள். சாஃப்ட்னர்க்காரர்கள் இதைக் குத்திக்காட்டுவது நியாயமே.

ஆனால் மென்மையாக்குவதும் படிவைத் தடுப்பதும் ஒன்றல்ல. டி.ஏ.சி. என்ற வகையில், குடுவைக்குள் இருக்கும் சிறு மணிகளின் பரப்பில் கால்சியம் கார்பனேட் நுண்படிகங்களாக உருவாகி உதிர்ந்து, நீரோடு மிதந்து போய்விடுகிறது; ஹீட்டர் சுவரில் ஒட்டிக்கொள்வதில்லை. உப்பும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம், கழிவுநீரும் கிடையாது. இதைச் சோதிக்க ஜெர்மனியில் டபிள்யூ 512 என்றொரு கடுமையான முறையே இருக்கிறது. அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தார் பல வகைக் கருவிகளை அதையொட்டி ஒப்பிட்டபோது, டி.ஏ.சி. படிவை 88 விழுக்காட்டுக்கும் மேல் குறைத்தது. மின்காந்தக் கருவிகள் பாதியளவோடு நின்றன.

நிலைக்காந்தங்களின் கதை இன்னும் மோசம். 2001-ல் அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவின் ஆய்வுக்கூடம் இலினாய்ஸ் மாநிலத்தின் ராக் ஐலண்ட் ஆயுதத் தொழிற்சாலையில் இத்தகைய கருவிகளைச் சூடான குழாய்களில் வைத்துப் பார்த்தது. கருவி வைத்த குழாயிலும் வைக்காத குழாயிலும் படிவு படிந்தது. தெளிவான நன்மை எதுவும் தெரியவில்லை. ஆய்வுக்கூடங்களில் அவ்வப்போது நல்ல முடிவு வருவதுண்டு, அடுத்த ஊரில் அதே கருவி தோற்பதும் உண்டு. குழாயின் வெளியே கவ்வும் காந்தத்தை வாங்குகிறவர் லாட்டரிச் சீட்டு வாங்குகிறார்.

டி.ஏ.சி.க்கும் காரைக்குடியில் ஒரு தடை உண்டு: இரும்பு. செம்புறாங்கல் பூமி. லிட்டருக்கு 0.3 மி.கி.க்கு மேல் இரும்பு இருந்தால் மணிகளின் பரப்பு மூடிப்போய்க் கருவி செத்துவிடும். பக்கெட்டில் இரவு வைத்த தண்ணீர் காலையில் பழுப்பேறினால் முதலில் இரும்பைத்தான் எடுக்க வேண்டும். இன்னொன்று, இதை மோட்டாருக்குப் பக்கத்தில் பொருத்திவிட்டு மேல்தொட்டியில் நாள்கணக்கில் தண்ணீரைத் தேக்குவது வீண்செலவு. ஹீட்டருக்குச் சற்று முன்னால் சிறிய அளவில் பொருத்தினால் போதும். குழாய் முனையிலும் கண்ணாடியிலும் தண்ணீர் காய்ந்து விடும் வெள்ளைத் திட்டுகளை இதுவும் தடுக்காது.

இந்த இடத்தில்தான் மொத்த விவாதமும் தடம் மாற வேண்டும். கடினத்தன்மை வீட்டில் தொல்லை தருவது மூன்று இடங்களில்: சூடேறும் உலோகம், சோப்பு, பருப்பு. கழிப்பறைத் தொட்டிக்கும் வாசல் தெளிக்கவும் மென்னீர் எதற்கு? 540 லிட்டரையும் மாற்ற மெஷின் வாங்குவது, சமைக்கவும் குடிக்கவும் வேண்டிய 25 லிட்டர் பிரச்சினைக்குக் கொடுக்கும் விலை.

சூட்டிலிருந்து தொடங்கலாம். பெரும்பாலான பொருள்கள் சூடேறினால் கூடுதலாகக் கரையும். கால்சியம் கார்பனேட் அதற்கு நேர்மாறு. அதனால்தான் படிவு ஹீட்டர் கம்பியைத் தேடிப் போகிறது, 60 டிகிரியைத் தாண்டினால் வேகமெடுக்கிறது. தெர்மோஸ்டாட்டை 50-55க்கு இறக்கி, குளிக்கும் முன் போட்டு, சூடான நீரைத் தேக்காமல் தீர்த்துவிட்டால் பாதித் தொல்லை தீரும். வெதுவெதுப்பான நீரை நாட்கணக்கில் ஹீட்டரில் விட்டுவைப்பதுதான் கூடாது, கிருமி வளரும். சித்திரை, வைகாசியில் மேல்தொட்டித் தண்ணீரே கையைச் சுடும் ஊரில் ஹீட்டர் ஆண்டில் எத்தனை நாள் ஓடுகிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

படிந்ததை எடுக்க, கடையில் எலுமிச்சை உப்பு என்ற பெயரில் கிடைக்கும் சிட்ரிக் அமிலம் போதும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி. கொதிக்கவிட்டால் கால்சியம் சிட்ரேட் என்ற வேறொரு படிவு உண்டாகும், ஆகவே நேரம் கொடுத்து ஊறவிட வேண்டும். இதில் ரகசியம் ஒன்றுமில்லை. பித்தளை அண்டாவையும் குத்துவிளக்கையும் புளி போட்டுத் துலக்கிய ஆச்சிமார்கள் அறிந்த வேதியியல்தான்: புளியின் அமிலம் களிம்பையும் கறையையும் கரைக்கும். எச்சரிக்கை ஒன்று. அமிலத்தை அத்தங்குடிக் கல் பதித்த தரையில் சிந்தக் கூடாது. அது சிமென்ட், பளபளப்பு அரித்துப்போகும். பளிங்கும் சுண்ணாம்புச் சுவரும் அப்படியே. பிளீச்சிங் பவுடரோடு எந்த அமிலத்தையும் சேர்க்கவே கூடாது; நச்சு வாயு கிளம்பும். குளியலறைக் கறைக்குப் பாட்டில் ஆசிட்டை ஊற்றுகிறவர்கள் கறையைவிட வேகமாகத் தரையை இழக்கிறார்கள்.

சோப்பு திரிவது உண்மையான தொல்லை. ஆனால் கட்டி சோப்புக்கு மட்டும்தான் அது பெரிய தொல்லை. இன்றைய சலவைத்தூளிலும் ஷாம்புவிலும் இருக்கும் நுரைப்பொருள்கள் கால்சியத்துக்கு அவ்வளவு எளிதில் மசிவதில்லை, சலவைத்தூளில் கடினத்தன்மையைக் கட்டிப்போடும் பொருளும் சேர்ந்தே வருகிறது. அதற்கும் முன்னால் வண்ணார்கள் உவர்மண்ணில் துணியை ஊறவைத்து வெள்ளாவி வைத்தார்கள். உவர்மண்ணில் இருந்தது சோடியம் கார்பனேட், அதாவது சலவைச் சோடா. அது கால்சியத்தை வெள்ளைத் தூளாக இறக்கிவிட்டது. சோடியம் இங்கும் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஒரு தொட்டித் தண்ணீரில், துவைக்கிற அன்று மட்டும்.

தண்ணீரிலிருந்து கடினத்தன்மையை நிஜமாகவே எடுக்கும், சாப்பாட்டு உப்பு தேவைப்படாத பெரிய முறை ஒன்று 1841-லேயே காப்புரிமை பெற்றது. அபர்டீன் வேதியியல் பேராசிரியர் தாமஸ் கிளார்க், கடினநீரில் அளவாகச் சுண்ணாம்பைக் கலந்தார். நீரில் கரைந்திருந்த பைகார்பனேட், போட்ட சுண்ணாம்போடு சேர்ந்து கார்பனேட்டாகி அடியில் தங்கியது. போட்ட சுண்ணாம்பும் போயிற்று, இருந்த சுண்ணாம்பும் போயிற்று. நகராட்சிகள் பல இன்றும் இதைச் செய்கின்றன. முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைத்துக் கண்ணாடி போலச் சுவர் பூசிய ஊருக்குச் சுண்ணாம்பு புதிதல்ல. ஆனாலும் வீட்டில் கண்ணளவாகப் போடுவது தவறு. கூடிப்போனால் நீர் காரமாகிவிடும். வீட்டுக்கு ஏற்றது கொதிக்கவைப்பதுதான். பைகார்பனேட்டால் வரும் தற்காலிகக் கடினத்தன்மை கொதித்ததும் தானே கீழே இறங்கும். கெண்டியின் அடியில் தெரியும் வெள்ளை, தண்ணீர் கெட்டதன் அடையாளம் அல்ல, தண்ணீர் மென்மையானதன் சாட்சி. ஆறவிட்டுத் தெளியவைத்து மேலாக ஊற்றிக்கொண்டால் போதும்.

பழமை என்பதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டியதில்லை. தேற்றாங்கொட்டை கலங்கலைத் தெளியவைக்கும், கடினத்தன்மையை எடுக்காது. கிணற்றில் நெல்லிக்கட்டை போட்டால் நீர் இனிக்கும் என்பதைக் கிணற்றளவில் நம்ப ஆதாரம் போதாது. முருங்கை விதையால் கடினத்தன்மை குறைவதாக 1995-ல் ஆய்வே வந்திருக்கிறது. ஆனால் கடினத்தன்மை ஏற ஏற விதையும் அவ்வளவு வேண்டும், அரைத்த விதையின் எச்சம் நீரில் தங்கிச் சீக்கிரம் வாடையடிக்கும்.

மீதமிருப்பது பருப்பு. “அந்தத் தண்ணியில பருப்பு வேகாது” என்று காரைக்குடி அடுப்படிகளில் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. கால்சியம் பருப்பின் பெக்டினோடு பிணைந்து அதை இறுக்கிவிடுகிறது. டீயும் காபியும் மங்கலாகின்றன. நால்வர் குடும்பத்தின் சமையலுக்கும் குடிக்கவும் நாளைக்கு 25 லிட்டர் போதும். இந்த 25 லிட்டருக்கு ஆர்.ஓ. வைப்பவர்கள் அதைப் போல இரண்டு மூன்று மடங்கைச் சாக்கடையில் விடுகிறார்கள். டி.டி.எஸ். 500-க்குக் குறைவான இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் சொன்னது சும்மா அல்ல.

அந்த 25 லிட்டர் வானத்திலிருந்து விழுகிறது. கடினத்தன்மை ஏறக்குறைய இல்லவே இல்லாத தண்ணீர் மழைநீர். செட்டிநாட்டு வீட்டின் சாய்ந்த ஓட்டுக்கூரை நாலாபுறமும் முற்றத்தை நோக்கி இறங்குவதும், தூம்பு வழியே விழும் நீரை அண்டாக்களில் பிடித்ததும், மிச்சம் ஊரணிக்கு ஓடியதும் அழகுக்காகச் செய்ததல்ல. 73 கிராமங்களும் இரண்டு நகரங்களும் கொண்ட செட்டிநாட்டை 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தபோது, பாராட்டப்பட்டவற்றில் இந்த நீர் ஏற்பாடும் ஒன்று. குடிநீர் ஊரணிக்குத் தனிக் காவலே போட்ட ஊர்கள் இங்கே உண்டு. அந்த வீட்டைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். அதே ஊரில் புதிதாகக் கட்டுகிறவர், 2003-ன் மழைநீர்ச் சட்டத்துக்குக் கணக்குக் காட்ட ஒரு குழியைத் தோண்டிவிட்டு, சாஃப்ட்னர் விலை விசாரிக்கிறார்.

“மழை எங்கே பெய்கிறது?” என்பது சோம்பலின் கேள்வி. சிவகங்கை மாவட்டத்தின் ஆண்டு மழை சுமார் 900 மில்லிமீட்டர். 100 சதுர மீட்டர் மாடியில் விழுவது 90,000 லிட்டர். கால்பங்கு வீணானாலும் 67,000 தேறும். சமையலுக்கும் குடிக்கவும் ஆண்டு முழுவதும் வேண்டியது 9,000 சொச்சம்தான். தை முதல் ஆனி வரை ஒரு துளி விழாவிட்டாலும் 5,000 லிட்டர்த் தொட்டி தாங்கும். முதல் மழையை வெளியே விட்டு, மணலும் கரியும் போட்ட வடிகட்டி வழியே இறக்கி, வெளிச்சமும் கொசுவும் புகாமல் மூடி, குடிக்கும் முன் காய்ச்சினால் போதும். கனிமச்சத்து இராதே என்பார்கள், நேற்றுவரை அதே கனிமத்தை விஷம் என்றவர்கள். சத்தைக் கீரையும் மோரும் கேழ்வரகும் தரும். தண்ணீரிலேயே வேண்டும் என்பவர் போர்த் தண்ணீரைக் குடித்து, மழைநீரில் பருப்பை வேகவைக்கலாம்.

ஒரு விலக்கைச் சொல்லியாக வேண்டும். நீராவிக் கொதிகலன் ஓட்டும் சலவைக்கூடமோ பெரிய விடுதியோ ஆலையோ டி.ஏ.சி.யை நம்பி இருக்க முடியாது. கொதிகலனில் படிவு ஏறினால் குழாய் வெடிக்கும். அங்கே சாஃப்ட்னர் வேண்டும், அதன் கழிவு உப்புநீரை எங்கே விடுகிறார்கள் என்று 2024-ல் மாநகராட்சியான காரைக்குடி கேட்கவும் வேண்டும். வீட்டுக்கு அந்த நியாயம் பொருந்தாது.

அதற்கும் முன்னால், வீட்டுத் தண்ணீர் உண்மையில் கடினமா என்பதே பலருக்குத் தெரியாது. மாவட்டத்தின் மேற்குப் பக்கம் கடும்பாறை. கிழக்கே காரைக்குடி, தேவகோட்டை வட்டாரம் மணற்பாறையும் களியும் அடுக்கிய படிவு நிலம். நகருக்குக் குடிநீர் தரும் சம்பை ஊற்றின் சுவையைச் சொல்லாமல் காரைக்குடிக்காரர் எவரும் ஊர்ப்பெருமையை முடிப்பதில்லை. அந்தக் குழாய்நீர் வரும் வீட்டிலும் சாஃப்ட்னர் வைத்தால், அது பழக்கத்துக்கு வைப்பது. போர் வேறு ஆழம், வேறு நீர். பக்கத்து வீட்டு எண்ணை வைத்துத் தன் வீட்டுக்கு முடிவெடுக்க முடியாது.

சோதிக்க ஒரு பாட்டில் போதும். பாதி தண்ணீர், நகக்கண்ணளவு சாதாரணக் கட்டி சோப்பு (ஷாம்புவோ சலவைத்தூளோ கூடாது), நன்றாகக் குலுக்க வேண்டும். நுரை கட்டினால் மென்னீர். பால் திரிந்தது போலத் தயிர்க்கட்டி மிதந்தால் கடினநீர். அதே தண்ணீரைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, தெளியவிட்டு, மறுபடி குலுக்கிப் பார்க்கலாம். இப்போது நுரைத்தால் தொல்லை தற்காலிக வகை, கெண்டியே தீர்வு. துல்லியமான எண் வேண்டுவோர் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். அறிக்கையில் மொத்தக் கடினத்தன்மை, மொத்தக் காரத்தன்மை, இரும்பு, ஃபுளோரைடு, நைட்ரேட் ஆகிய ஐந்தையும் கேட்டு வாங்க வேண்டும். முதல் இரண்டும் ஒரே அலகில்தான் வரும். காரத்தன்மை கடினத்தன்மைக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் முழுக் கடினத்தன்மையும் கொதியில் இறங்கும் வகை. குறைவாக இருந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவுக்கு மட்டும் மழைத்தொட்டி வேண்டும்.